ஒரே தடவையில் ஆயிரம் விலைகள்

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ரூபா வரை போனது. அந்த நாட்களை நம் வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எனது ஹார்ட்வெயார் கடையில் 1,100 வகைச் சாமான்கள். விலைப்பட்டியல் கூகிள் ஷீட்ஸில் இருக்கிறது. கிளைக் கடையிலும் அதைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள். விலை மாறும்போதெல்லாம் மகன் இரவிரவாக இருந்து ஒவ்வொன்றாக அடித்தார். இதைக் கண்ட என் தங்கை மகன், "மாமா, இதைக் கையால் செய்யத் தேவையில்லை" என்று சொல்லி, பைதன் மொழியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தார்.

அது வேலை செய்யும் விதம் இலகுவானது. மொத்தக் கடையில் வாடிக்கையாளரை ஸ்டோருக்குள் விடமாட்டோம். கவுண்டரில் துண்டு கொடுத்தால், உள்ளே இருப்பவர் சாமானை எடுத்துத் தருவார். ஏ.பி.ஐ. என்பது கூகிள் நமக்குத் திறந்து வைத்திருக்கும் கவுண்டர். ஸ்கிரிப்ட்தான் துண்டு. "விலைத் தாளில் டி2 முதல் டி1101 வரையுள்ள நிரலில் இந்த விலைகளைப் போடு" என்று அதில் எழுதியிருக்கும்.

ஒவ்வொரு விலைக்கும் தனித் துண்டு கொடுக்கக் கூடாது. ஒரு கணக்குக்கு நிமிடத்துக்கு 60 தடவை எழுதத்தான் கூகிள் இடம் தருகிறது. மிஞ்சினால் 429 என்ற பிழை வந்து வேலை நின்றுவிடும். முழு நிரலையும் ஒரே துண்டில் அனுப்பினால் சில விநாடிகளில் முடிந்துவிடும். விலையை எழுத்தாக அல்லாமல் எண்ணாக அனுப்புவதும் முக்கியம். எழுத்தாகப் போனால் கூட்டுத்தொகையில் அது சேராது.

இனி நான் பட்ட நட்டத்தைச் சொல்கிறேன். ஒருநாள் கிளைக் கடைப் பொடியன் தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றிவிட்டான். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. பழைய வரிசையிலேயே விலைகளைப் போட்டுவிட்டது. இரண்டு அங்குலக் குழாய்க்கு அரை அங்குலக் குழாயின் விலை! பகலுக்குள் ஒரு லோட் போய்விட்டது. பட்டியலின் பழைய பதிப்பைக் கூகிளில் மீட்டெடுத்தோம். விற்ற சாமானை மீட்க முடியுமா?

குற்றம் கணினியில் இல்லை. வரிசையை நம்பியது எங்கள் பிழை. இப்போது ஸ்கிரிப்ட் முதலில் சாமான் இலக்க நிரலை வாசிக்கும். இலக்கம் பொருந்தும் இடத்தில் மட்டுமே விலை போகும். ஒரு விலை முந்தியதைவிட ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, எதையும் எழுதாமல் நின்று எங்களிடம் கேட்கும்.

கடைசியாக ஒன்று. இந்த வேலைக்கு கூகிள் தரும் சாவிக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் விலையை மாற்றலாம். லாச்சிச் சாவியை எப்படி வைத்திருப்பீர்களோ, அப்படியே இதையும் வைத்திருங்கள்.