தேங்காய் எண்ணெயும் ஐஸ் கட்டியும்

மார்கழி பிறந்துவிட்டால், மீஞ்சூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் வெள்ளையாய் இறுகிப்போவதும், பள்ளிக்குப் புறப்படும் குழந்தைக்குத் தலைவாருவதற்காகத் தாய்மார் அதை வெந்நீர்ச் செம்பில் வைத்து இளக்குவதும் அன்றாடக் காரியங்களாகிவிடுகின்றன. உறைதலையும் உருகுதலையும் கற்பிக்க விரும்பும் உபாத்தியாயருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. ஏனெனில், உறைவதென்றால் நீர் ஐஸாவது மட்டுமே என்றும், அதற்குக் கை நடுங்கும் குளிர் அவசியமென்றும் சிறார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீர் 0 டிகிரியில் உறைகிறது. தேங்காய் எண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர் மெழுகுவர்த்தியை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, அது வெண்மையாகிக் கெட்டிப்பட்டதும் கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், உறைந்த பின்னும் அது வெதுவெதுப்பாகவே இருப்பது பிரத்தியட்சமாகும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அதனதன் உஷ்ணநிலை உண்டென்பதை இதற்குமேல் வாயால் விளக்கவேண்டியதில்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் அடிப்படை நம்பிக்கையும், குழந்தை தானே செய்து அறியவேண்டும் என்பதே.

அடுத்த பரீட்சைக்கு, மீன் கடையில் ஒரே அளவான இரண்டு ஐஸ் துண்டுகள் வாங்கினால் போதும். ஒன்றைத் தட்டில் அப்படியே விட்டு, மற்றதைக் கோணித்துணியில் சுற்றிவைத்து, எது முதலில் கரையுமென்று கேளுங்கள். கம்பளி நம்மைச் சூடாக்குவதுபோலக் கோணி ஐஸையும் சூடாக்கும் என்று பல குழந்தைகள் உறுதியாகச் சொல்வார்கள். அவர்களைத் திருத்தாமல் பொறுத்திருப்பதே இங்கே ஆசிரியரின் கடமை. அரைமணி கழித்துக் கோணியைப் பிரிக்கையில், தட்டிலிருந்தது பெரும்பாலும் நீராகியிருக்க, உள்ளிருந்த கட்டி அவ்வளவாகக் கரையாமல் கிடக்கும். துணி உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. வெளியுஷ்ணம் உள்ளே புகுவதைத் தடுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெடரிக் டூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கான கடற்பிரயாணத்தில் சென்னைக்குக் கொண்டுவரச் செய்ததும், அதைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் நிற்பதும், கோணியைப் பிரித்த பிறகே சொல்லத் தக்க கதைகள்.

உருகுதல் ஏன் இத்தனை நிதானமாக நடக்கிறதென்று கேட்கும் குழந்தைக்கும் பதிலுண்டு. ஒரு கிராம் ஐஸ் வெறுமனே நீராவதற்கு ஏறத்தாழ 80 கலோரி உஷ்ணம் வேண்டும். அதே உஷ்ணம் அந்த நீரை 0-இலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கவல்லது.

இரவில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரையும், உப்பு கரைந்தமட்டும் கரைத்த இன்னொரு கிண்ணத்தையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைக்கச் சொல்லுங்கள். காலையில் முதலாவது கல்லாயிருக்க, இரண்டாவது உறையாமலோ கூழாகவோ இருக்கும். இந்த உண்மையைக் கொண்டே பழைய முறை ஐஸ் தொழிற்சாலைகள் இயங்குகின்றன: பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்தும் உறையாத உப்புநீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, அவற்றிலுள்ள நல்ல தண்ணீரை, மீன் கடைக்கு வரும் அந்தப் பெரிய பாளங்களாக உறையவைக்கிறார்கள்.