பழைய வீட்டுக்குப் பூட்டு மாற்றுவது எப்போது?

வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். ஓடு உடைந்தால் மாற்றுகிறோம். பொங்கலுக்குப் பொங்கல் கதவுக்கு எண்ணெய்கூடத் தடவுகிறோம். ஆனால் அந்தக் கதவில் தொங்கும் பூட்டை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒருநாள் சாவி உள்ளே போய்த் திரும்ப மறுக்கும்போதுதான், "அடடா, இது தாத்தா காலத்துப் பூட்டு ஆயிற்றே!" என்ற நினைப்பு வருகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை பக்கம் இருக்கிறது களமருதூர். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் பல உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள். வீட்டில் வயதான தாயார் மட்டும் இருப்பார். வாசலில் கனத்த இரட்டைக் கதவு. அதில் ஒரு பழைய பூட்டு.

பொங்கலுக்கு வந்த மகன் கேட்கிறார்: "அம்மா, இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு வேறு போட்டுவிடலாமா?"

"உங்கப்பா வாங்கினதுடா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பூட்டைச் சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கதவா, பூட்டா?

முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்டிப் பாருங்கள். திறந்த கதவில் சாவி சுலபமாகச் சுற்றுகிறது, மூடிய கதவில் மட்டும் இறுகுகிறது என்றால் குற்றவாளி பூட்டு அல்ல. கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். அல்லது ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிப் பருத்திருக்கும். இதற்குத் தச்சரைக் கூப்பிட வேண்டும். புதுப் பூட்டு போட்டாலும் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

அடுத்து, பெட்டியில் கிடக்கும் மாற்றுச் சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதிகம் புழங்காத அந்தச் சாவி நன்றாகத் திறந்தால், தினமும் புழங்கும் சாவிதான் தேய்ந்திருக்கிறது. மாற்றுச் சாவியை மாதிரியாக வைத்துப் புதுச் சாவி செய்துகொண்டால் போதும். தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுக்காதீர்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்!

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பூட்டு இறுகினால் உடனே தேங்காய் எண்ணெய்! அது அன்றைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தொங்கு பூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சிறு பல் வெட்டிய சாவி போடும் புதுமாதிரிக் கதவுப் பூட்டுக்குப் பென்சிலின் கருப்புக் குச்சியைச் சுரண்டிய தூள் நல்லது.

இத்தனைக்கும் மசியாவிட்டால் யோசிக்க வேண்டியதுதான். சாவி பாதி சுற்றிய நிலையிலேயே கையோடு வந்துவிடுகிறதா? வேறொரு சாவியைப் போட்டாலும் திறக்கிறதா? பூட்டின் வளையத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் கழன்று வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பூட்டைத் தெருக்கதவில் வைத்திருக்கக் கூடாது.

திண்டுக்கல் பூட்டு

அப்பா வாங்கிய பூட்டு பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டாக இருக்கும். வாயை மூடு என்பதற்குப் பதிலாக, "வாய்க்குத் திண்டுக்கல் பூட்டுப் போடு" என்று சொல்லும் அளவுக்குப் பேர்போன சரக்கு அது. மாங்காய் வடிவத்தில் வரும் மாங்காய்ப் பூட்டு அதில் பிரசித்தம். இதன் உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு குறைந்தாலும் கூடினாலும் நகராது. தகடு தேய்ந்தாலோ வில் ஒடிந்தாலோதான் வம்பு. கை தேர்ந்தவர் பிரித்து வில்லை மாற்றிவிடுவார். அதனால் இந்தப் பூட்டை எடுத்த எடுப்பில் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அலிகாரிலிருந்து வந்த மலிவான மெஷின் பூட்டுகளால் திண்டுக்கல் தொழில் மிகவும் நொடித்துப் போயிற்று. 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூட்டுக்குள் தகடு வைக்கும் யுக்தியை 1778-ல் மேம்படுத்தியவர் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர். லண்டனில் பிராமா என்பவரின் கம்பெனி, "இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு" என்று ஒரு பூட்டைக் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தது. பல ஆண்டுகள் ஒருவராலும் முடியவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார்! நம் ஊர்த் திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் பூட்டைத் தொடுவதே அபூர்வம். கடப்பாரையை விட்டு நாதாங்கியைப் பெயர்த்துவிடுகிறான். ஆகவே விலை உயர்ந்த பூட்டை வாங்கி, கரையான் அரித்த நிலையில் இரண்டு சிறு திருகாணியில் தொங்கவிடுவது வீண் செலவு. நாதாங்கியைக் கதவின் உட்புறம் வரை ஊடுருவும் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும்.

இன்னொன்று. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வந்தது. அப்படிப்பட்ட ஜில்லாவில் வேலைப்பாடுள்ள பழைய கதவு உங்கள் வீட்டில் இருந்தால், புதுப் பூட்டுக்காக அதில் பெரிய துளை போட அவசரப்படாதீர்கள். உட்புறத்தில் திருகி மாட்டும் பூட்டு கிடைக்கிறது. துளைத்த மரம் மறுபடி கூடாது.

சாவி யாரிடம்?

பூட்டு புத்தம் புதிதாக இருந்தாலும் மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. பழைய வீட்டை விலைக்கு வாங்கினால் முதல் நாளே மாற்றிவிட வேண்டும். விற்றவர் நல்லவர்தான். அவர் யார் யாரிடம் சாவி கொடுத்து வைத்திருந்தார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது. குடித்தனக்காரர் காலி செய்தாலும், சாவி தொலைந்தாலும் இதே விதிதான். மாடத்திலும் பூந்தொட்டி அடியிலும் பல வருஷம் சாவி வைத்திருந்த வீடுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அந்த இடம் தெருவுக்கே தெரியும்!

எல்லாவற்றுக்கும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. புதுமாதிரிக் கதவுப் பூட்டில் சாவி நுழையும் உருளையை மட்டும் கழற்றி வேறு போடலாம். செலவு குறையும், மரமும் பிழைக்கும்.

தனியாக இருப்பவர்

இதுவரை சொன்னது திருடனுக்குப் பயந்து. இனிச் சொல்வது அதைவிட முக்கியம்.

இரவில் உட்புறம் மேல்தாழ், கீழ்த்தாழ், நடுவில் ஒரு கட்டை என்று அடைத்துக்கொண்டு படுக்கும் தாயார், கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் எப்படி உள்ளே வருவார்கள்? கதவை உடைப்பதற்குள் அரைமணி போய்விடும். தீ என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும் என்கிற பூட்டு இருட்டில் எமன்.

எனவே அந்த மகனுக்கு ஒரு யோசனை. அம்மா வெளியே போகும்போது போடும் அப்பாவின் பூட்டு நன்றாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இரவுக்கு மட்டும் கதவின் உட்புறத்தில் வேறு பூட்டு மாட்டுங்கள். உள்ளிருந்து சாவியின்றிக் குமிழைத் திருப்பினால் அது திறக்க வேண்டும். வெளியிலிருந்து சாவி போட்டாலும் திறக்க வேண்டும். அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஒரு சாவி, அம்மாவுக்கு நம்பிக்கையான எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கட்டும். மேல்தாழையும் கீழ்த்தாழையும் கட்டையையும் கழற்றிவிடுங்கள். அவை இருக்கும் வரை அம்மா அவற்றைப் போடத்தான் செய்வார். எதிர்வீட்டுச் சாவிக்கு வேலை இருக்காது.