சின்னப் படகுக்கு டிரான்ஸ்பாண்டர்: யாருக்குக் கேட்கும்?

ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. வருடாவருடம் இந்த நேரத்தில் காசிமேட்டில் வண்ணப்பூச்சு வாசனையோடு ஒரு பேச்சும் கிளம்பும்: ‘படகில் டிரான்ஸ்பாண்டர் இல்லாவிட்டால் கடலுக்கு விடமாட்டார்களாமே?’ இந்த முறை அந்தப் பேச்சு, கடற்காற்றே எட்டாத வடபழனிக்கும் வந்துவிட்டது. எங்கள் தபால் பையில் பாதி அதைப் பற்றித்தான்.

எழுதியவர்களில் பலர் மீனவர்கள் அல்ல. ஆற்காடு சாலைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் தூண்டில் போடப் போகிறார். இன்னொருவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் பேசி முடித்திருக்கிறார். மூன்றாமவருக்குக் கோபம்: ‘மீனவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், நாங்கள் என்ன பாவம் செய்தோம்?’ எல்லாக் கடிதங்களிலும் ஒரே குழப்பம். டிரான்ஸ்பாண்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பெட்டிகள் உலவுகின்றன. ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

முதல் பெட்டி, அரசு கொடுப்பது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் அது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகள், சுமார் 364 கோடி ரூபாய். தமிழ்நாடு அதற்கு முன்பே ஏறக்குறைய 5,000 விசைப்படகுகளுக்கு இதே வகைக் கருவியைப் பொருத்தும் வேலையைத் தொடங்கியிருந்தது. படகிலிருந்து செய்தி நேராக இஸ்ரோவின் ஜிசாட்-6 செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து கரையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு. ஆபத்து என்றால் ஒரு பொத்தான். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும், எல்லைக்கோட்டை நெருங்கினால் அதற்கான எச்சரிக்கையும் மீனவரின் செல்போன் செயலிக்கு வரும். அரசு இதை ‘இருவழித் தொடர்பு’ என்கிறது. நீங்கள் நாலு வரி அனுப்பலாம், அவர்கள் நாலு வரி அனுப்பலாம், அவ்வளவுதான் இருவழி. வாய்விட்டுப் பேச முடியாது.

இது வீண் என்று சொல்ல வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. கரையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். கடலில் இருந்தவர்களிடம் சொல்ல வழியில்லை. அந்த ஓலம்தான் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த பலமான நியாயம். ஆனால் ‘மீனவர் பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குள் வேறு சிலவும் இருக்கின்றன. போர்பந்தர் படகான ‘குபேர்’ கடத்தப்பட்டு 2008இல் மும்பைக்குக் கொலைகாரர்களை ஏற்றிவந்த நாளிலிருந்தே, எந்தப் படகு எங்கே நிற்கிறது என்பதை அறிய அரசு விரும்புகிறது. 2023 ஜனவரியில் சுருக்குமடி வலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால அனுமதியைப் பாருங்கள்: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கூடவே கண்காணிப்புக் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கருவியின் வேலை உயிர் காப்பதல்ல, சாட்சி சொல்வது. சில படகுக்காரர்கள் இந்தப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்ப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. உங்கள் படகை நோக்கி ஒரு கன்டெய்னர் கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்றால், இந்த முதல் பெட்டி அந்தக் கப்பலிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. கரைக்கு மட்டுமே சொல்லும்.

கப்பலிடம் சொல்வது இரண்டாவது பெட்டி. ஏஐஎஸ் எனப்படும் தானியங்கி அடையாளக் கருவி. 300 டன்னுக்கு மேற்பட்ட, பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களிலெல்லாம் 2004 முடிவுக்குள் வந்துவிட்டது. நம் நாட்டில் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கும் மும்பைத் தாக்குதலுக்குப் பின் கட்டாயமானது. செய்தியைச் சுமக்கச் செயற்கைக்கோள் வேண்டாம், சந்தா வேண்டாம். ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தத் திசையில் போகிறேன்’ என்பதை விஎச்எஃப் அலையில் சுற்றியுள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைத்தான் உல்லாசப் படகுக்காரர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள்; கேட்பது தெரியாமலேயே.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் உறுத்துவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நூறு கப்பல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் கூச்சல்தான் மிஞ்சும். யார் எப்போது பேசுவது என்று முறை வைக்கக் கடலில் ஒரு தலைவர் கிடையாது. ஸ்வீடன்காரர் ஹோகன் லான்ஸ் முன்வைத்த வழி இதற்குத் தலைவரே தேவையில்லை என்றது. ஒரு நிமிடம் 2,250 துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குதான். இரண்டு அலைவரிசைகள், ஆக நிமிடத்துக்கு 4,500 இடங்கள். கடிகாரம் எல்லோருக்கும் ஜிபிஎஸ் தருகிறது. ஒரு கப்பல் தன் இடத்தில் பேசும்போதே, அடுத்து எந்த இடத்தில் பேசப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கேட்ட மற்றவர்கள் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை. சண்டை மட்டும் இல்லை. யாரும் யாரையும் கேட்காமல், மேலே யாரும் இல்லாமல், ஒழுங்கு தானாக வருகிறது. அழகான ஏற்பாடு.

ஆனால் எல்லோருக்கும் துண்டு கிடையாது. பெரிய கப்பல்களில் இருப்பது ‘ஏ’ வகுப்பு, 12.5 வாட். சிறு படகுகளுக்கென்று பிறகு வந்தது ‘பி’ வகுப்பு. அதில் விலை குறைந்த, அதிகம் விற்கிற ரகம் 2 வாட்தான். அதற்கு இடம் பிடிக்கும் உரிமை இல்லை. படிக்கட்டில் நின்றுகொண்டு எந்த இருக்கை காலி என்று பார்க்க வேண்டும். ஓர் இடம் தொடங்கிய ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுக்கும். அமைதி என்றால் சட்டென்று பேசிவிடும். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். இப்படிச் சில முறை முயன்றும் இடம் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றையே கைவிட்டுவிடும். கருவி பழுதல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. சின்னவர்களின் பேச்சால் பெரிய கப்பல்களின் பேச்சு கெட்டுவிடக் கூடாது என்பது விதி வகுத்தவர்களின் கவலை.

நெரிசலில் இதற்கு என்ன விலை? ‘பி’ வகுப்பின் இந்த ரகம் இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடினால் 30 விநாடிக்கு ஒருமுறை பேசும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அதற்குள் 230 மீட்டர் வந்துவிடும். இரண்டு சுற்று விட்டுப்போனால் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்று சென்னைக் கடலில் அலைவரிசை அப்படி நிரம்பி வழியவில்லை. மெரினாவிலிருந்து இரவில் விளக்காகத் தெரிகிற நங்கூரக் கப்பல்கள், நின்றிருக்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும். ஆனால் எல்லோரும் மாட்டட்டும் என்று அதிகாரிகள் சொல்லும்போது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்கொருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் ஆயிரம் படகுகள் ஓடினால், நிமிடத்துக்கு இரண்டு பேச்சு வீதம் 2,000 இடம் போய்விடும். கிட்டத்தட்டப் பாதி. தடைக்காலம் முடிந்த முதல் இரவின் காசிமேடு அதுதான். கூட்டம் கூடக் கூட, முதலில் வாயடைக்கப்படுவது மிகச் சிறிய படகு.

துண்டு போடும் உரிமையோடு 5 வாட்டில் ‘பி’ வகுப்பிலேயே இன்னொரு ரகம் வந்திருக்கிறது. விலை கூடுதல். வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நீங்கள் பேசியது கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தாலும், திரையில் ‘பி’ வகுப்புப் படகுகளைக் காட்டாதே என்று மறைத்துவைக்க முடியும். துறைமுக வாசலில் திரை முழுக்கப் புள்ளியாக இருந்தால் மாலுமி அதைச் செய்யத்தான் செய்வார். பழைய கப்பல் கருவிகள் சிலவற்றில் உங்கள் படகின் பெயரே வராது, ஒன்பது இலக்க எண் மட்டும் வரும்.

பெரியவர்களுக்குள்ளேயே இது எப்படி வேலை செய்கிறது? 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’ எரிவாயுக் கப்பலும் ‘டான் காஞ்சிபுரம்’ எண்ணெய்க் கப்பலும் மோதின. அந்த அளவுக் கப்பல்களுக்கு ‘ஏ’ வகுப்பு கட்டாயம். இருந்தும் மோதல் நடந்தது, வாளி வாளியாக எண்ணெய் அள்ளியது நினைவிருக்கும். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ‘ஏபிஎல் லு ஆவ்ர்’ என்ற கன்டெய்னர் கப்பலோடு மோதி பேப்பூர் படகு ஒன்று மூழ்கியது. அதில் இருந்த 14 பேரில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிரோடு மீட்கப்பட்டது இருவர். கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்பது கடல் விதிகளில் ஐந்தாவது. கருவி வந்த பிறகும் அந்த விதி எடுக்கப்படவில்லை.

ஆக, வாங்கலாமா? எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முட்டுக்காடு உப்பங்கழியில் மிதிப்படகு ஓட்டுபவருக்கும், துறைமுகத்துக்குள்ளேயே பாய்மரப் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கும் இது வெட்டிச் செலவு. பகலில், கரை தெரியும் தூரத்தில் தூண்டில் போடுபவருக்கும் அப்படித்தான். புதுச்சேரிக்கோ நாகைக்கோ இரவிலும் பாய் விரித்துப் போகிறவர், கப்பல் வழியைக் குறுக்கே கடக்கிறவர் கண்டிப்பாக வாங்க வேண்டும். நடுக்கடலில் நெரிசல் இல்லை, அங்கே இந்தக் கருவி தன் முழுத் திறமையையும் காட்டும். படகில் ஆன்டெனா 3 மீட்டர் உயரத்திலும் கப்பலில் 30 மீட்டரிலும் இருந்தால் சுமார் 16 கடல் மைல் எட்டும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பலுக்கு ஒரு மணி நேர அவகாசம். வாட்டைவிட உயரம் முக்கியம். ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் கட்டாமல் இருக்கைக்குப் பக்கத்தில் கட்டுவது காசைக் கடலில் போடுவது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை மலிவானவை. ஃபைபர் உடல் ரேடார் அலையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும், எதிரொலி தராது. எனவே ரேடாரிலும் நீங்கள் இல்லை. அலுமினியத் தகடுகளைக் கோத்த ரேடார் எதிரொலிப்பான் ஒன்றை உயரக் கட்டுங்கள். சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு, பேட்டரி தீராத விளக்கு. விஎச்எஃப் வயர்லெஸ், 16ஆம் சேனலில். மாட்டாமல் மடித்துவைத்த உயிர்காப்பு மேலுடையை எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்குப் போட்டுவிடாது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஜூன் 15க்குள் மாட்டாவிட்டால் என் படகைப் பிடிப்பார்களா? தடைக்காலமும் அரசுத் திட்டமும் மீன்பிடிப் படகுகளுக்கு. உல்லாசப் படகுக்கு அந்தத் தேதி பொருந்தாது.

இலவசமாக எங்களுக்கும் தருவார்களா? மீன்வளத் திட்டம் அது, மாட்டார்கள்.

செல்போன் செயலியில் கப்பல்களைப் பார்க்கிறேனே, போதாதா? நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள், அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை. தாமதமும் உண்டு, சிக்னல் போனால் அதுவும் இல்லை.

கேட்க மட்டும் செய்யும் ஏஐஎஸ் கருவி வாங்கலாமா? குறைந்த செலவில் பாதிப் பலன். எனக்குப் பிடித்த வாங்கல் இதுதான்.

படகு கவிழ்ந்தால் ஏஐஎஸ் காப்பாற்றுமா? தண்ணீருக்குள் போனால் ஊமை. அதற்கு 406 மெகாஹெர்ட்ஸ் அபாய மிதவை வேறு, அதன் குரல் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குப் போகும்.

பொய்த் தகவல் அனுப்ப முடியுமா? முடியும், சரிபார்ப்பு எதுவும் இல்லை என்பதை 2013லேயே டிரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் இல்லாத கப்பல்களைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார்கள்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல்துறை 1093.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? உள்ளே முந்தைய படகின் எண் பதிந்திருக்கும், பெரும்பாலான கருவிகளில் அதை நீங்களாக மாற்ற முடியாது; மாற்றித் தர விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், இல்லையேல் தேடுபவர்கள் வேறு யாருடைய படகையோ தேடுவார்கள்.