பழைய ராணுவ உணவு டப்பாக்கள்: எவ்வளவு காலம் நம்பலாம்?

பழைய அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். ஆனால் ராணுவத்துக்கும், வெள்ளம் புயல் முதலிய ஆபத்துக் காலங்களுக்கும் என அடைத்து வைத்த உணவு பழையதானால் என்ன ஆகும்? சத்துக் குறைவது வேறு, விஷமாவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

உணவைக் காற்றுப் புகாமல் புட்டியில் அடைத்து, கொதிநீரில் காய்ச்சிக் காக்கும் முறையைக் கண்டதற்காக, பிரான்சு தேசத்து நிக்கோலா அப்பேர் 1810-ல் 12,000 பிராங்க் அரசாங்கப் பரிசு பெற்றார். உஷ்ணம் கிருமிகளைக் கொல்கிறது. மூடி புதுக் கிருமிகளைத் தடுக்கிறது. இவ்விரண்டும் பழுதின்றி இருக்கும் வரை, காலம் மட்டுமே உணவை விஷமாக்கிவிடாது.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி நதியில் 1865-ல் மூழ்கிய ‘பெர்ட்ராண்ட்’ என்னும் நீராவிக் கப்பல் 1968-ல் வண்டலின் அடியில் அகப்பட்டது. அதிலிருந்த டப்பா உணவுகளை 1974-ல் சோதித்தபோது கிருமி வளர்ச்சி இல்லை. ஆயினும் மணமும் தோற்றமும் கெட்டிருந்தன. ஏ, சி வைட்டமின்கள் பெரிதும் அழிந்திருந்தன.

அந்தச் சரக்கு குளிர்ந்த சேற்றில் கிடந்தது என்பதை மறக்கலாகாது. அமெரிக்க ராணுவத்தின் பை உணவு 27 டிகிரி சென்டிகிரேடில் 3 ஆண்டு தாங்க வேண்டும் என்பது விதி; 38 டிகிரியிலோ 6 மாதமே. நம் ஊர்த் தகரக் கூரைக் கிடங்கின் கோடை உஷ்ணத்தை எண்ணிப் பாருங்கள்! டப்பா பழுதுபடாவிடினும் பிஸ்கட்டின் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும்.

உண்மையான அபாயம் பாட்டுலினம் என்னும் கிருமியே. காற்றில்லாத இடத்தில், புளிப்புக் குறைந்த இறைச்சி, பயறு போன்றவற்றில் அது வளரும். அதன் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆதலால்தான் ஆலைகளில் அழுத்தத்துடன் சுமார் 121 டிகிரி வரை காய்ச்சுகின்றனர். அதன் விஷம் மணத்தாலும் சுவையாலும் தெரியாமற் போகலாம். சிறிதளவே உயிரைப் போக்கும்.

எனவே உப்பிய, ஒழுகும், துருவேறி அரித்த, மூட்டில் நசுங்கிய டப்பாவை வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம். மாட்டுக்கும் போட வேண்டாம். தேதி தெரியாத சரக்கை ஏலத்தில் மலிவென்று வாங்க வேண்டாம். சங்கக் கிடங்கில் ஆபத்துக்கால உணவை இருப்பு வைத்தால், வந்த தேதியைப் பெட்டி மீது எழுதி, குளிர்ந்த இடத்தில் அடுக்கி, முந்தி வந்ததை முந்திச் செலவிடுவோமாக. அங்கத்தினரின் உயிரைவிடச் சிக்கனம் பெரிதன்று.