சாவி கொடுக்கலாமா?

பொம்மைகளில் பேசாமல் உட்கார்ந்திருப்பவை ஒரு ஜாதி. சாவி கொடுத்தால் தலையசைத்து, இமை கொட்டி, கூடவே சங்கீதமும் எழுப்புபவை மற்றொரு ஜாதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து வீஷி, லாம்பேர் முதலிய பட்டறைக்காரர்கள் செய்த இத்தகைய பொம்மைகளைச் செல்வர்கள் இன்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். கின்னஸ் மதுபானக் குடும்பத்தைச் சேர்ந்த மர்டோ கின்னஸ் என்பவர் சேர்த்த யந்திரப் பொம்மைகளும் வாத்தியங்களும் சுமார் 700. அவர் 2002-ல் காலமானபின் அவை அமெரிக்காவில் நியூஜெர்ஸியிலுள்ள மோரிஸ் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன.

இத்தகைய பொம்மையை வாங்கியவருக்கு முதலில் எழும் கேள்வி, சாவி கொடுக்கலாமா என்பதே. உடைக்குள்ளே பார்த்தால் காரணம் விளங்கும். முறுக்கிய வில் விரியும்போது மேடுபள்ளமான தட்டுகள் சுழல்கின்றன; அவை நெம்புகோல்களை ஏற்றி இறக்க, கம்பிகளின் வழியே கையும் தலையும் அசைகின்றன. ஊசிகள் பதித்த பித்தளை உருளையொன்று எஃகுச் சீப்பின் பற்களை மீட்டுகிறது. அந்த உருளையை நிதானமாக ஓடச் செய்வது, காற்றை எதிர்த்துச் சுழலும் மிகச் சிறிய விசிறி. வில் முறுக்கியிருக்கையில் அந்த விசிறி கழன்றால் தீர்ந்தது! உருளை தறிகெட்டுச் சுழன்று, ஊசிகளும் பற்களும் சில விநாடிகளில் ஒடிந்து விழும். ஆகையால் விஷயமறிந்தவர்கள் கடையில் கண்டவுடன் சாவியைத் தொடமாட்டார்கள். வில்லை முழுதும் தளரவிட்ட பிறகே பொம்மையை எடுத்துச் செல்வார்கள்.

அப்படியானால் தொடாமலே வைத்தால் க்ஷேமமா? அதுவும் இல்லை. பழைய எண்ணெய் இறுகிப் பசையாகிவிடும். அதைத் துடைக்க உடையை அவிழ்க்க வேண்டும். நூறு வருஷத்துப் பட்டோ தொட்டால் கிழியும். புதுப்பட்டு உடுத்தினால் பொம்மையின் பழமையில் பாதி போய்விடும். எங்கள் அபிப்பிராயத்தில், பட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாட்டை இழப்பது சரியன்று. கைதேர்ந்த ஒருவர் பழுது பார்த்தபின், எப்போதாவது சில நிமிஷம் ஓட விடலாம்.

ஸ்விட்ஜர்லாந்தில் நெஷாதெல் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் இப்படித்தான் செய்கிறார்கள். ஜாக்கே-த்ரோ குடும்பத்தார் பட்டறையில் 1774-ல் உருவான வாத்தியப் பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள். பல தேசங்கள் சுற்றி 1906-ல் சொந்தச் சீமைக்குத் திரும்பியவள். இவளுடைய சங்கீதம் சீப்பிலிருந்து வருவதன்று. தன் விரல்களாலேயே கட்டைகளை அழுத்தி ஆர்கன் வாசிக்கிறாள். கண்கள் விரல்களைத் தொடர, மூச்சு விடுவதுபோல் மார்பு ஏறி இறங்குகிறது. பாட்டு முடிந்ததும் சபையை நோக்கித் தலை வணங்குகிறாள்.