பிரம்பு பின்னிய படகு இருக்கை

டொரொன்டோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் புகைப்படத்துடன் கடிதம் எழுதியிருக்கிறார். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் கேனோ படகின் இருக்கைகள் இரண்டை வாங்கினாராம். மரச்சட்டம் உறுதியாக இருக்கிறது. நடுவே பிரம்புப் பின்னல் அறுந்து தொங்குகிறது. “பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. அந்தப் பின்னலில் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே மனம் வராது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெல்லிய தேவதாரு விலாக்களின் மேல் கித்தான் போர்த்திய கேனோக்கள் பட்டறைகளில் உருவாகத் தொடங்கின. ஓல்ட் டவுன், மோரிஸ், செஸ்ட்நட் என்று அந்தப் பட்டறைகளுக்குப் பல பெயர்கள். கரையில் தோளில் சுமந்து நடக்க வேண்டிய படகு என்பதால் எடை குறைய வேண்டும். தெறிக்கும் நீர் தேங்காமல் வடிய வேண்டும். பிரம்பு இரண்டுக்கும் ஒத்துவந்தது. ஆனால் அந்தக் குளிர்நாட்டில் பிரம்பு விளையாது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் முள்ளால் மரங்களைப் பற்றி ஏறும் கொடிப்பனை அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் இனங்கள் உண்டு. கப்பலில் சரக்கு நகராமலிருக்க அடைத்துக் கொண்டுவந்த பிரம்பு 1840களில் பாஸ்டன் துறையில் குப்பையாகக் கிடந்தது. சைரஸ் வேக்ஃபீல்ட் என்ற வணிகர் அதை வாங்கி விற்கத் தொடங்கினார். தொழில் வளர்ந்து, அவருடைய ஆலை இருந்த ஊரே 1868இல் வேக்ஃபீல்ட் என்று பெயர் மாறியது.

என்னை மயக்குவது பின்னலின் வரிசைதான். முதலில் நெடுக்காக ஒரு வரி. அதன் மேல் குறுக்காக ஒரு வரி. இதுவரை பின்னலே இல்லை, வெறுமனே படிந்து கிடக்கும். மூன்றாவதாக மறுபடி நெடுக்கு, முதல் வரிக்குச் சற்றுத் தள்ளி. நான்காவது குறுக்கு வரிதான் மேலும் கீழுமாகப் புகுந்து எல்லாவற்றையும் பூட்டுகிறது. பிறகு இரண்டு சாய்வு வரிகள். ஒன்று நெடுக்கு ஜோடிகளுக்கு மேலாகவும் குறுக்கு ஜோடிகளுக்கு அடியிலும் போகும். எதிர்த்திசையில் வருவது அதற்கு நேர்மாறு. கடைசியில் விளிம்புத் துளைகளை மறைக்கும் பட்டை. சட்டத்துக்குள் எண்கோணக் கண்கள் வரிசையாக மலர்ந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாய்வு வரி சரியான முறையில் போனால், ஜோடிகள் சந்திக்கும் மூலைக்குள் தானாக வழுக்கி உட்காரும். மேல் கீழ் மாறினால் உடனே பிடிக்கும், உரசும், இழுக்க வராது. தவறைக் கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடுகிறது. அதனால்தான் உலகெங்கும் பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலில் தேர்ந்தார்கள். பாஸ்டன் பக்கம் கேனோக்கள் மிதந்த சார்ல்ஸ் ஆற்றின் கரைக்கு 1912இல் இடம்பெயர்ந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி, நாற்காலிப் பின்னலைப் பாடமாகவே கற்பித்தது. நம் அரசு அலுவலக நாற்காலிகளையும் பார்வையற்ற கைகள்தாம் பின்னித் தந்தன. பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அந்தக் கைகளை மறந்துபோனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பழுது பார்ப்பதற்கு முன், பழைய பின்னலை முழுசாக வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சில இருக்கைகளில் வழக்கமான எண்கோணக் கண் இல்லாமல் நட்சத்திரமும் பூவுமாக அலங்காரம் இருக்கும்; அதைத் திரும்பப் பின்ன அந்தக் கிழிசலே மாதிரி. சட்டத்தின் உள்விளிம்பு கூராக இருந்தால் பட்டை அங்கேதான் அறும். உப்புத்தாளால் லேசாக மழுக்க வேண்டும். அதற்காக மரம் முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்துப் புதிதாக்கிவிடாதீர்கள். நூறாண்டு வார்னிஷின் நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பட்டையை நனைத்துத்தான் பின்ன வேண்டும். காய்ந்ததும் சுருங்கி விறைக்கும். எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். பிரம்புப் பின்னல் லேசாகத் தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணி போட்டுக் காயவிட்டால் போதும். மேற்பக்கம் சிலிக்கா நிறைந்த வழவழப்பான தோல், அது நீரை எளிதில் ஏற்காது. அதனால் அடிப்பக்கத்தை வார்னிஷால் அடைக்காமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. பிரம்புக்கு எதிரி ஆற்று ஈரமல்ல. குளிர்கால ஹீட்டரின் வறண்ட காற்றுதான். இருக்கையைச் சுவரில் அழகுக்கு மாட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சட்டத்தில் துளைகள் இருந்தால் கைப்பின்னல். துளையின்றிச் சுற்றிலும் பள்ளம் ஓடினால், ஆலையில் நெய்த பிரம்புத் தாளை அழுத்திப் பொருத்தியது. பழமை கூடட்டும் என்று பள்ளமுள்ள சட்டத்தில் துளை போடுவது அந்த இருக்கையின் சரித்திரத்தைத் திருத்துவதாகும். துளை இடைவெளி முக்கால் அங்குலம் என்றால் 3 மில்லிமீட்டர் பட்டை பொருந்தும். 2012 முதல் இந்தோனேசியா கச்சாப் பிரம்பு ஏற்றுமதியைத் தடுத்திருக்கிறது. அதைச் சாக்காக வைத்துப் பிளாஸ்டிக் பட்டையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்குமுன் ஒரு துண்டை நனைத்து, விரலில் சுற்றிப் பாருங்கள். நல்ல பிரம்பு வளைந்துகொடுக்கும்; நாராகப் பிரிந்தால் பழைய சரக்கு.