சேற்றுக்குள் ஒரு ராஜாவின் கப்பல்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கச் சொன்னால் சம்மதிப்பீர்களா, சகோதரி? "நன்றாயிருக்கிறதே கதை!" என்பீர்கள். இங்கிலாந்தில் மார்கரெட் ரூல் என்ற மாது சம்மதித்தார்.

அவர் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர். தரையைத் தோண்டிப் பழகியவர். அவரைக் கடலுக்குள் இழுத்தது 'மேரி ரோஸ்' என்ற மரக் கப்பல். எட்டாம் ஹென்றி ராஜாவின் பாய்மரப் போர்க்கப்பல் அது. (ஆறு பெண்களை மணந்தாரே, அதே மகாராஜன்தான்!) 1545 ஜூலை 19-ல், பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடக்கும்போது, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிரிலேயே, ராஜா கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 500 பேர். பிழைத்தவர்கள் 40 பேர்கூட இல்லை. எதிரிகள் ஏறிவிடாதபடி மேல்தளத்தின் மீது கெட்டியான வலை கட்டியிருந்தார்கள். அந்த வலைக்குள் இவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள், பாவம்.

1971-ல் அலெக்ஸாண்டர் மெக்கீ என்பவரின் குழுவினர் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் முழுகி வந்து சொல்லும் சேதியைப் படகில் உட்கார்ந்து கேட்டு எத்தனை நாள் வேலை நடத்துவது? மார்கரெட் அம்மாள் தாமே முழுகக் கற்றுக்கொண்டார்.

குப்பியில் இருப்பது சுத்தப் பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. அதை நம்பிக் கலங்கல் தண்ணீரில், குளிரில், குழாயால் சேற்றை உறிஞ்சி உறிஞ்சி எடுக்கவேண்டும். 1979 முதல் 1982 வரை 27,000 தடவைக்கு மேல் முழுகியிருக்கிறார்கள்!

கப்பலின் ஒரு பாதியைக் கடல்புழு தின்றுவிட்டது. சேற்றில் புதைந்த மறுபாதி அப்படியே இருந்தது. சேறென்றால் முகம் சுளிக்கிறோம். இங்கே காப்பாற்றியது அதுதான். வைத்தியரின் மருந்துப் பெட்டி, எலி பிடிக்க வைத்திருந்த நாயின் எலும்புக்கூடு, நாம் ரசத்துக்குப் பொடிக்கிறோமே, அந்த மிளகு—எல்லாம் கிடைத்தன. பேன் சீப்புகள் மட்டும் எண்பதுக்கு மேல்! சிலவற்றில் ஈர்கூட ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

1982 அக்டோபர் 11-ல் கப்பலைத் தூக்கினார்கள். தண்ணீருக்கு மேலே வந்த சமயத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். தூக்கும் இரும்புச் சட்டத்தின் ஒரு மூலை நழுவிவிட்டது! டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த லட்சோப லட்சம் ஜனங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, கப்பலுக்குப் பெரிய சேதமில்லை.

நனைந்த மரத்தைச் சட்டென்று உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். ஆகையால் முதலில் தண்ணீர், பிறகு மெழுகு போன்ற ஒரு ரசாயனம் என்று 2013 வரை விடாமல் தெளித்தார்கள். அதே வருஷம் போர்ட்ஸ்மவுத்தில் அதற்கென்றே புதுக் காட்சிசாலை திறந்தார்கள். மார்கரெட் அம்மாள் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்து, 2015-ல் காலமானார்.